பரஸ்தானம் வைத்த பாஸ்போர்ட்

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டர். விமானத்தில் நாலு மணி நேரம். கம்ப்யூட்டரில் இரண்டு ஊர்ப் பெயரையும் தட்டினால் இதெல்லாம் வந்துவிடுகிறது. தட்டிப் பார்த்து எனக்குச் சொன்னவர் என் கணவர் அறிவுமதி. பாலிடெக்னிக்கில் இயற்பியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்று பல நூறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். அப்படிக் கிடைத்த நேரத்தில் ராகுகாலம், எமகண்டம், குளிகை மூன்றையும் கழித்துவிட்டு, மிச்சத்தில்தான் வீட்டை விட்டு வெளியே கால் வைப்பார். கல்யாணமான புதிதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த எரிச்சலும் பழகிவிட்டது.

அவருடைய அப்பா கறுப்புச் சட்டைக்காரர். மகனுக்கு அறிவுமதி என்று பெயர் வைத்ததோடு தன் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. அவர் இருந்தவரை எங்கள் கே.கே. நகர் வீட்டுக்குள் ராசிபலன் போட்ட காலண்டர் நுழைந்ததில்லை. அவர் போய், காரியமெல்லாம் முடிந்த மறுநாளே இவர் கடைக்குப் போய் வாங்கிவந்தது அதைத்தான். அப்பா படத்துக்கு நேர் எதிர்ச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார்.

எங்கள் ஒரே மகள் மலர்க்கொடி சிங்கப்பூரில் இருக்கிறாள். முதல் பிரசவம். தாய்வீட்டில்தான் பார்க்க வேண்டும் என்று ஏழாம் மாதமே அழைத்துவர இருந்தோம். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, விமானத்தில் ஏறக் கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். சரி, நாம் போவோம் என்று அடுத்த வாரத்துக்கு டிக்கெட் போட்டு வைத்திருந்தோம். செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை மாதவன் போன் செய்தார். அழுத்தம் இன்னும் ஏறிவிட்டதாம். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன். வெள்ளிக்கிழமை பதினொரு மணி விமானத்தில் இரண்டே இரண்டு இடம் இருந்தது, உங்கள் டிக்கெட்டை அதற்கு மாற்றிவிட்டேன் என்றார். பிறகு மலர் போனை வாங்கினாள்.

"அம்மா, தியேட்டருக்குள்ள போறதுக்கு முன்னாடி உன் மூஞ்சியப் பாத்துட்டுப் போனாப் போதும்மா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

சுலபத்தில் பயப்படுகிற பெண் இல்லை அவள். ஸ்கூலில் கையை முறித்துக்கொண்டு வந்தபோதுகூட, கட்டுப் போட்டால் பரீட்சை எழுத முடியாதே என்றுதான் அழுதாள். அன்றைக்கு அவள் குரலே நடுங்கியது. வந்துடுவேன்டி, கண்டிப்பா வந்துடுவேன் என்றேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், இவர் காலண்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை பத்தரைலேருந்து பன்னெண்டு ராகுகாலம். ஃப்ளைட் பதினொண்ணுக்கு" என்றார்.

"ஃப்ளைட்டை நாமளாங்க ஓட்டுறோம்?"

"இரு, இரு. சிங்கப்பூர் நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி. இங்க பதினொண்ணுன்னா அங்க ஒண்ணரை. போற ஊர் நேரத்தைத்தான் கணக்குல எடுத்துக்கணும். அப்படிப் பாத்தா ராகுகாலம் தாண்டிடுச்சு."

"அப்ப ஆபரேஷனும் அந்த ஊர் நேரத்துக்குத்தானே? சனிக்கிழமை ஒன்பதுலேருந்து பத்தரை ராகுகாலமாச்சே?"

இவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்ததில் எனக்கும் அட்டவணை மனப்பாடம். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார்.

"அதுக்கு நம்ம ஊர் நேரத்தைப் பாக்கணும். ரத்தம் நம்ம ரத்தம்ல? இங்க அப்ப காலைல ஆறரைதான், குளிகை. நல்லது நடந்தா பெருகும். ஒரு தோஷமும் இல்ல."

ஆக, விமானத்துக்குச் சிங்கப்பூர் நேரம், ஆபரேஷனுக்குத் திருச்சி நேரம். ராகு இரண்டு கைக்கும் கடிகாரம் கட்டிக்கொண்டு அலைய வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் சந்திராஷ்டமத்துக்கு எந்த ஊர் கடிகாரமும் உதவவில்லை. இவருடைய ராசிக்கு எட்டாவது ராசியில் சந்திரன் நிற்கிற நாட்கள் அவை. அந்த வாரம் பார்த்து வியாழனும் வெள்ளியும் அப்படி அமைந்தன. அந்த நாளில் பயணம் தொடங்கினால் விளங்காதாம். அதற்குத்தான் பரஸ்தானம் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முன்கூட்டியே ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், பயணத்துக்கு வேண்டிய பொருள் ஒன்றைக் கொண்டுபோய் வேறொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். வைத்த நிமிஷமே நாம் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அதற்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடலாம், தூங்கலாம், பெண்டாட்டியோடு சண்டை போடலாம். ஆனாலும் கிளம்பியாகிவிட்டது. பிறகு புறப்படுகிற அன்றைக்கு அந்தப் பொருளை எடுத்துக்கொண்டு அங்கிருந்து அப்படியே போய்விட வேண்டும். அது மறுபடி நம் வீட்டுக்குள் வரக் கூடாது. வந்தால் பயணம் முறிந்தது என்று அர்த்தம். சாதாரணமாக ஒரு வேட்டியையோ துண்டையோ எதிர் வீட்டில் வைப்பார்கள். எங்கள் எதிர் வீட்டிலிருந்து ஏர்போர்ட் கால் மணி நேரம்.

எதிர் வீடு இவருக்குப் போதவில்லை.

"கடல் தாண்டிப் போறோம். பரஸ்தானம் ஒரு ஆத்தையாவது தாண்ட வேணாமா?"

என் பெரிய நாத்தனார் யமுனா அக்கா ஸ்ரீரங்கத்தில் அம்மாமண்டபம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறார். காவேரியைத் தாண்டியதும் வந்துவிடும். இப்படியாக, தென்கிழக்கே போக வேண்டிய பயணத்தை நாங்கள் வடக்கே தொடங்கினோம்.

ஒரு மஞ்சள் பையை எடுத்து அதில் வேட்டி, துண்டு, இரண்டு வெற்றிலை, ஒரு விரலி மஞ்சள் வைத்தார். கடைசியாகப் பாஸ்போர்ட்டையும் வைத்தார்.

"பாஸ்போர்ட் எதுக்குங்க அதுல?"

"வேட்டிய வெச்சா வேட்டிதான் சிங்கப்பூர் போகும். எது இல்லாம போகவே முடியாதோ அதை வைக்கணும்."

"அப்ப என்னோடது?"

"உன் ராசிக்குத்தான் சந்திராஷ்டமம் இல்லையே. அதோட, குடும்பத் தலைவன் கிளம்பினா குடும்பமே கிளம்பின கணக்குதான்."

முப்பது வருஷமாக அவர் பின்னால் போகிற பெட்டிகளில் நானும் ஒன்று. கோபம் வந்தது. ஆனால் என் பாஸ்போர்ட் என் கைப்பையிலேயே தங்கியது அந்த ஒரு பேச்சால்தான்.

புதன்கிழமை காலை ஸ்கூட்டரில் போய்ப் பையை அக்கா வீட்டுப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டு வந்தார். "நான் கிளம்பியாச்சு" என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து தோசை கேட்டார். வியாழக்கிழமை ராத்திரியே ஸ்ரீரங்கம் போய்த் தங்கிவிடலாம், காலையில் அலைச்சல் இருக்காது என்று சொல்லிப் பார்த்தேன். பரஸ்தானம் வைத்த வீட்டில் ராத்தங்கினால் அது விருந்தாளிக் கணக்கு, பயணக் கணக்கில் சேராது என்றார். அவர் சட்டம் பேச ஆரம்பித்தால் என்னால் முடியாது.

வெள்ளிக்கிழமைக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. அன்றைக்கு ஏழரையிலிருந்து ஒன்பது குளிகை. குளிகையில் செய்கிற காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள். அதனால் நகை வாங்க நல்லது, பையை எடுக்க ஆகாது. ஏழரைக்குள் பையை எடுத்துவிட்டு, எட்டரைக்குள் ஏர்போர்ட். இதுதான் திட்டம். காலை ஆறரைக்கு வாடகைக் கார் வந்தது. டிரைவர் பெயர் பெஞ்சமின். இரண்டு பெட்டியையும் டிக்கியில் ஏற்றினார். என் பெட்டியில் துணியைவிடப் பிரசவச் சாமான்தான் அதிகம். லேகியம், சுக்கு, வசம்பு, உரித்த பூண்டு, மெத்தென்று துவைத்து மடித்த பழைய பருத்திப் புடவைகள்.

"ஏர்போர்ட்டுங்களா?" என்றார் பெஞ்சமின்.

"ஆமா. ஸ்ரீரங்கம் வழியா" என்றார் இவர்.

பெஞ்சமின் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

சத்திரம் பேருந்து நிலையம் வரை ஒரு குறையும் இல்லை. அதற்கப்புறம் வண்டி ஊர்ந்தது. வெள்ளிக்கிழமை, சமயபுரத்துக்குப் போகிற கூட்டம் வேறு. காவேரிப் பாலத்தில் ஏறியதும் ஊர்வதும் நின்றது. முன்னால் ஏதோ ஒரு பஸ் டயர் வெடித்து நின்றுவிட்டதாம். கீழே ஆற்றில் யாரோ சாவகாசமாகத் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். இவர் நிமிஷத்துக்கு ஒரு தடவை வாட்சைப் பார்த்தார்.

"குளிகை வந்துடப் போகுதுப்பா. கொஞ்சம் பாத்து ஓட்டு."

"எனக்கு ராகுகாலம் குளிகையெல்லாம் கிடையாதுங்க சார். எல்லாம் இந்தப் பாலந்தான்" என்றார் பெஞ்சமின்.

மூவாயிரம் கிலோமீட்டருக்கு நேரம் சொல்கிற கம்ப்யூட்டர், காவேரியைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லவில்லை. ஒருவழியாக அம்மாமண்டபம் ரோட்டுக்குள் நுழைந்தபோது மணி ஏழு இருபத்தைந்து. அக்கா வீட்டுச் சந்து முனையில் பந்தல் போட்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். யமுனா அக்கா மெயின் ரோட்டிலேயே டீக்கடை ஓரமாக எங்களுக்காகக் காத்திருந்தார். காரைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே வந்தார்.

"இறங்காதீங்க. உள்ள வராதீங்க. மணி, நீ அந்தப் பக்கம் திரும்பிக்க" என்றார் என்னைப் பார்த்து.

சந்துக்குள்ளிருந்து சங்கு ஊதுகிற சத்தம் கேட்டது.

"யாருக்கா?" என்றேன்.

"யாரோ. பயணம் போறவளுக்கு எதுக்கு அது?"

"பை?" என்றார் இவர்.

"நேத்து மத்தியானம் இப்படி ஆகிப்போச்சு. அதுக்கப்புறம் பரஸ்தானப் பைய இந்தச் சந்துல வெச்சிருக்கலாமாடா? என் ஜாக்கெட் தைக்கிற ராசாத்தி வந்திருந்தா. அவகிட்ட குடுத்து அனுப்பிச்சிட்டேன். பத்திரமா வெச்சிருக்கா. ஏழரைக்குள்ள வந்து எடுத்துக்குவாங்கன்னு சொல்லியிருக்கேன்."

"அவங்க வீடு எங்கக்கா?"

"டோல்கேட்ல."

நம்பர் ஒன் டோல்கேட் என்பது ஸ்ரீரங்கத்தையும் தாண்டி, கொள்ளிடத்தையும் தாண்டி இருக்கிறது. எனக்குத் தலை சுற்றியது.

"ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

"நல்லா இருக்கே. கிளம்பி நிக்கிறவங்களுக்குச் சாவுச் சேதி சொல்லுவாங்களா?"

"சாவைச் சொல்ல வேணாம். பை இடம் மாறிடுச்சுன்னு மட்டும் சொல்லியிருக்கலாம்ல?"

"ஏன் மாத்துனேன்னு கேப்பீங்க. பொய் சொல்லச் சொல்றியா? பயணத்துக்குப் பொய் ஆகாது மணி."

நான் இவரைப் பார்த்தேன். அக்கா மேல் பாய்வார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கோபமே இல்லை.

"அக்கா பண்ணினதுதான் முறை. இப்ப ரெண்டு ஆறு தாண்டின கணக்கு" என்றார்.

"சரி, வண்டிய விடச் சொல்லுங்க. கால் மணி நேரத்துல போய் எடுத்துடலாம்."

அவர் வாட்சைப் பார்த்தார். ஏழு முப்பத்திரண்டு.

"குளிகை வந்துடுச்சு, மணி. இப்ப எடுத்தா மறுபடி மறுபடி எடுக்குற மாதிரி ஆகும். ஒன்பது மணிக்கு எடுப்போம். டோல்கேட்லேருந்து பைபாஸ்ல போனா அரை மணி. ஒன்பதரைக்கு ஏர்போர்ட். பத்து மணிக்குத்தானே கவுண்டர் மூடுறான்? தூரம், வேகம், நேரம், எல்லாம் சரியா வருது."

"பாலத்துல நின்னோமே, அது எந்தக் கணக்குல வருதுங்க?"

"விளையாடாதே. பொண்ணும் புள்ளையும் நல்லபடியாப் பொழைச்சு வரணும்னுதானே நான் இவ்வளவும் பாக்குறேன்?"

வாட்சைப் பார்த்தார், பார்த்த மணி மனதில் நிற்காமல் மறுபடி பார்த்தார். செவ்வாய்க்கிழமையிலிருந்து மனுஷர் பயந்துபோயிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயம் வந்தால் எனக்கு அழுகை வரும், அவருக்குக் காலண்டர். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மலர் கேட்டது என் முகத்தை.

"நீங்க ஒன்பது மணிக்கு எடுத்துட்டு வாங்க. நான் போறேன்" என்றேன்.

"எங்க போறே?"

"சிங்கப்பூருக்கு."

யமுனா அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். இவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"சொன்னாக் கேளு. ராகுகாலத்துல கிளம்புற ஃப்ளைட்டு. தனியா நீ ஏறினா, போறவங்க ஒண்ணாப் போய்ச் சேர மாட்டாங்க."

"போற ஊர் நேரப்படி ராகுகாலந்தான் தாண்டிடுச்சே. நீங்கதானே சொன்னீங்க?"

அவர் கதவை விட்டார். இறங்கித் தன் பெட்டியை எடுத்துக்கொண்டார். ஒன்பதரைக்கு அங்கே இருப்பேன் என்றார். இருங்க என்றேன். கார் திரும்பியபோது, அக்காவும் தம்பியும் டீக்கடை ஓரத்தில் பெட்டியோடு நிற்பது தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. பெஞ்சமின் கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வேகத்தைக் கூட்டினார். திரும்புகிற பக்கம் பாலம் காலியாகக் கிடந்தது.

இதற்கு முன்னால் ஒரு தடவை விமானத்தில் போயிருக்கிறேன். அன்றைக்குப் பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாம் அவர் கையில் இருந்தன. நான் அவர் சட்டையின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அதனால் ஏர்போர்ட் எப்படி இருக்கும் என்பதே எனக்குத் தெரியாது. இந்தத் தடவைதான் பார்த்தேன். கேட்டால் சொல்கிறார்கள், சொன்ன பக்கம் நடந்தால் வந்துவிடுகிறது. இவ்வளவுதானா என்று இருந்தது. கொஞ்சம் ஆத்திரமாகவும் இருந்தது.

குடியேற்றக் கவுண்டரில் இருந்த இளைஞர் பாஸ்போர்ட்டைப் புரட்டினார்.

"எதுக்குப் போறீங்கம்மா?"

"பொண்ணுக்குப் பிரசவம்."

"சார் வரலையா?"

"அவர் புதன்கிழமையே கிளம்பிட்டாருங்க" என்றேன். முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

ஒன்பது மணி கடந்ததும் இவர் போன் செய்தார்.

"வீடு பூட்டியிருக்கு மணி."

ஏழரைக்குள் வருவார்கள் என்று ராசாத்தி எட்டு மணி வரை பார்த்திருக்கிறாள். வரவில்லை என்றதும், வெள்ளிக்கிழமையாயிற்றே என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு சமயபுரத்துக்குப் போய்விட்டாள். போன் அடிக்கிறது, எடுக்கவில்லை, கோயில் வரிசையில் நிற்கிறாளோ என்னவோ என்றார். ஏழரைக்கே போயிருந்தால் அவள் வாசலில் நின்றிருப்பாள். அதை நான் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருக்கும். அரை மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டு, இன்னும் வரவில்லை என்றார். அப்புறம் பத்தே காலுக்குக் கூப்பிட்டார்.

"எடுத்துட்டேன்."

"கவுண்டர் மூடிட்டாங்க."

பின்னால் லாரிகள் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"குளிகைல எடுக்கலைல்ல?" என்றேன்.

கேட்கத்தான் வேண்டும் போல இருந்தது, கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார்.

சரியான ராகுகாலத்தில் விமானம் கிளம்பியது. ஜன்னல் ஓர இருக்கை இவருக்குப் போட்டது. காலியாக இருந்ததால் நகர்ந்து அதில் உட்கார்ந்துகொண்டேன். மேலே ஏறித் திரும்பும்போது காவேரியும் கொள்ளிடமும் இரண்டு பட்டையாகத் தெரிந்தன, நடுவில் ஸ்ரீரங்கம். கட்டைவிரலை வைத்தால் மூன்றும் மறைந்துவிடும். அவ்வளவு சின்ன இடத்துக்குள் ஒரு மனுஷர் பையோடு நின்றுகொண்டிருக்கிறார் என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அன்று சாயங்காலம் மலரைப் பார்த்துவிட்டேன். முகமெல்லாம் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் குழந்தை மாதிரி கையை நீட்டினாள். ராத்திரி முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். காலையில் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்தாள்.

"உன் கை ஏம்மா இவ்வளவு சில்லுனு இருக்கு?"

"ஏசிடி."

"பொய் சொல்லாதே" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் அவ்வளவு தூரம் வந்தேன். ஒன்பது நாற்பதுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அம்மாவும் பெண்ணும் நன்றாக இருக்கிறார்கள் என்று நர்ஸ் வந்து சொன்னாள்.

இவர் எங்கே இருக்கிறார் என்று மாப்பிள்ளைதான் சொன்னார்.

"மாமா இன்னும் வீட்டுக்குப் போகலையாம் அத்தை."

எப்படிப் போவார்? பரஸ்தானப் பை வீட்டுக்குள் போகக் கூடாது. அக்கா வீட்டுச் சந்தில் தீட்டு. ஆகவே, ராசாத்தி வீட்டு முன்னறையில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருந்திருக்கிறார். அங்கே ராத்தங்கியது மட்டும் விருந்தாளிக் கணக்கில் சேரவில்லை போலும். மூவாயிரம் கிலோமீட்டரை நான் நாலு மணி நேரத்தில் தாண்டிவிட்டேன். புதன்கிழமையே கிளம்பியவர் சனிக்கிழமை காலையில் கொள்ளிடத்தின் அந்தக் கரையில் இருந்தார். சனிக்கிழமை மத்தியான விமானத்தில் ஓர் இடம் இருக்கிறது என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை கிழக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது என்று மறுத்துவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை இடம் இல்லை. திங்கட்கிழமை மறுபடி கிழக்கே சூலம். செவ்வாய்க்கிழமை பார்க்கலாம் என்றாராம்.

மலரை அறைக்குக் கொண்டுவந்த பிறகு மாப்பிள்ளை வீடியோவில் மாமாவைக் கூப்பிட்டார். எங்களுக்கு நடுப்பகல், அங்கே காலை ஒன்பதரை. இவர் சவரம் செய்திருக்கவில்லை. தலைக்குப் பின்னால் கொடியில் யார் யாருடைய ஜாக்கெட்டோ தொங்கின. சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. மாப்பிள்ளை போனைக் குழந்தைப் பக்கம் திருப்பினார். இவர் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் அவர் நெற்றி மட்டும்தான் தெரிந்தது.

"எத்தனை மணிக்குப் பொறந்தா?"

கேட்பார் என்று தெரியும். மலர் என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

"ஒன்பது நாப்பது" என்றேன்.

"எந்த ஊர்..." என்று ஆரம்பித்தார்.

நான் காத்திருந்தேன். எங்கள் ஊர் நேரம் ஏழு பத்து, ஒரு தோஷமும் இல்லை என்று சொல்ல அவருக்கு வழி இருந்தது. அவரே போட்டு வைத்த சட்டம்தான். அந்த நேரம் பார்த்துக் குழந்தை வாயைத் திறந்து கொட்டாவி விட்டது. இவர் கேட்க வந்ததை அப்படியே விட்டுவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீ கூட இருந்தியா மணி? அவ உள்ள போறப்ப?"

"இருந்தேங்க."

தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"மாப்ளே, அந்த மத்தியான சீட்டு இன்னும் இருக்கா?"

"இருக்கு மாமா. ஆனா சூலம்னு சொன்னீங்களே?"

"ராசாத்தி, வீட்ல தயிர் இருக்காம்மா?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். கிழக்குச் சூலத்துக்குத் தயிர் பரிகாரம். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். இது நேற்று அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"இப்ப அங்க ராகுகாலம் நடக்குதுங்க" என்றேன். குத்திக்காட்ட இல்லை, நிஜமாகவே ஞாபகப்படுத்தத்தான் சொன்னேன்.

"தெரியும். ஒன்பது நாப்பதுக்குக் கிளம்புறேன். என் பேத்தி பொறந்த நேரம். அதைவிட நல்ல நேரம் எந்தக் காலண்டர்ல இருக்கு?"

குழந்தை பிறந்தது சிங்கப்பூர் ஒன்பது நாற்பதுக்கு. அவர் கிளம்பப்போவது டோல்கேட் ஒன்பது நாற்பதுக்கு. நடுவில் இரண்டரை மணி நேரம் இருக்கிறது என்பது இயற்பியல் வாத்தியாருக்குத் தெரியாததல்ல. அதை எடுத்துச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

போனை அணைக்காமல் மெஷின் மேல் சாய்த்து வைத்துவிட்டார். ஒரு கை தயிர்க் கிண்ணத்தை நீட்டுவது தெரிந்தது. நின்றபடியே சாப்பிட்டார். பெட்டியை எடுத்தார், மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார், நிலைப்படியில் போய் நின்று சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. அவர் அசையவில்லை. மூவாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் நாங்களும் மூச்சை அடக்கிக்கொண்டு அதே கடிகாரத்தைப் பார்த்தோம். முள் ஒன்பது நாற்பதைத் தொட்டதும், வலது காலை எடுத்து வெளியே வைத்தார்.